பதிப்பு எண்களை ஒப்பிடும் 'பேக்கேஜிங்' நூலகம்: ஆறு ஆண்டு அனுபவம்

பெருங்குடியில் ஒரு சிறிய நிறுவனத்தில், கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். கடைக் கணினிகள் ஒவ்வொன்றும் காலையில் தன் பதிப்பு எண்ணை எங்கள் சர்வருக்கு அனுப்பும். அது பழையது என்றால் ஒரு பைதான் நிரல் புதியதை அனுப்பி வைக்கும். 2019-இல், 1.9-க்கு அடுத்து 1.10-ஐ வெளியிட்ட அன்று எந்தக் கடைக்கும் எதுவும் போகவில்லை. புரசைவாக்கத்துக் கடையின் கணக்குப்பிள்ளை மாலையில் அழைத்து, "தம்பி, புது பில் இன்னிக்கு வரும்னீங்க, பழசேதான் அடிக்குது" என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. எண்களை நான் வெறும் எழுத்துச் சரங்களாக ஒப்பிட்டிருந்தேன். சர ஒப்பீடு இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும்; புள்ளிக்கு அடுத்து 1-ஐயும் 9-ஐயும் கண்டதுமே 9 பெரியது என்று முடிவு கட்டிவிடும், பின்னால் இருக்கும் சுழியத்தை எட்டியும் பார்க்காது.

அவசரத்துக்குப் பைதானுடனேயே வந்த 'டிஸ்ட்யூட்டில்ஸ்' தொகுப்பின் 'லூஸ்வெர்ஷன்' வகுப்பைப் போட்டேன். 1.10 சரியாயிற்று, ஆனால் 2.0ஆர்சி1 என்ற சோதனைப் பதிப்பைப் பெற்ற இரண்டு கடைகளுக்கு, இறுதியான 2.0 போகவே இல்லை. எண்ணைத் துண்டு துண்டாக்கி வரிசையில் வைக்கும் அந்த வகுப்புக்கு, கூடுதலாக ஒட்டியிருந்த 'ஆர்சி' என்பதும் ஒரு துண்டுதான் என்பதால், நீளமான வரிசையையே அது புதியதாகக் கொண்டது. (2023 அக்டோபரில் வந்த பைதான் 3.12-இல் அந்தத் தொகுப்பையே நீக்கிவிட்டார்கள்; எனக்கு வருத்தமில்லை.)

லூஸ்வெர்ஷனுக்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்டதுதான் 'பேக்கேஜிங்' என்ற பைதான் நூலகம். பைதான் பதிப்பு எண்களுக்கான பெப் 440 என்ற விதி ஆவணம் வகுத்த முறைப்படி, டெவ் (உருவாக்க நிலை), ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி, இறுதிப் பதிப்பு, போஸ்ட் (வெளியீட்டுக்குப் பிந்தைய திருத்தம்) என்ற வரிசையை அது பிசகாமல் காக்கிறது. எண்களைப் புள்ளிவாரியாகப் பிரித்து டியூப்பிள் என்ற வரிசையாக்கி ஒப்பிட்டால் சமமாகாத 1.0-உம் 1.0.0-உம் இதில் சமம். எண்ணிடும் முறையையே மாற்றுவோருக்காக, எண்ணுக்கு முன்னால் ஆச்சரியக்குறியோடு இடும் 'ஈபாக்' என்ற வசதியும் உண்டு: 1!1.0 என்பது 2023.4-ஐ விடப் புதியது. கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதிவைத்துப் பழகிய சென்னைவாசிக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

என்னை மிகவும் எரிச்சலூட்டியது 2022 டிசம்பரில் வந்த 22.0. விதிக்குப் பொருந்தாத எண்களை அதுவரை 'லெகஸிவெர்ஷன்' என்று ஏற்று, எல்லாவற்றுக்கும் கீழே வைத்துவந்த நூலகம், அன்றுமுதல் 'இன்வேலிட்வெர்ஷன்' என்று பிழை காட்டி நின்றுவிட்டது. எங்கள் காலைப் பணி பாதியில் விழுந்தது. தேடிப் பார்த்தால், ஒரு கடைக்கெனத் தனியாகத் திருத்திய பதிப்புக்கு எங்கள் சக ஊழியர் ஒருவர் '1.14-ஃபைனல்-நியூ' என்று கையால் பெயரிட்டிருந்தார். பழைய நூலகமாக இருந்திருந்தால், அதை மிகப் பழையது என்று சத்தமில்லாமல் கருதி, அந்தத் திருத்தங்களின் மேலேயே பொதுப் பதிப்பை ஏற்றியிருக்கும். அந்தக் கண்டிப்பைக் குறை சொல்வதை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. '2.0 அல்லது அதற்கு மேல்' என்று நிபந்தனை வைத்தால், 2.1ஆர்சி1 இயல்பாக அதில் சேராது. சோதனைக் கடைகளுக்காக 'ப்ரீரிலீஸஸ்' என்ற அமைப்பைத் தனியே இயக்க வேண்டும், இதை நான் இருமுறை மறந்திருக்கிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தொகுப்பு எண்களுக்கும் இது உதவாது. 1.0~ஆர்சி1 போன்ற அலைக்குறி எண்ணை இது ஏற்பதே இல்லை; அந்த ஒப்பீட்டை இன்றும் உபுண்டுவின் டிபிகேஜி கட்டளையிடமே விட்டிருக்கிறேன்.

அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதிய 3.10, பின்ன எண்ணாகி 3.1 என்றே வந்து சேரும். சுழியம் வழியிலேயே தொலைந்த பிறகு நூலகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதால், புதிதாகச் சேருபவரின் நிரலில் நான் முதலில் தேடுவது அந்த மேற்கோள்குறிகளைத்தான்.