ராத்திரி ஷிஃப்ட்டும் முகூர்த்த நாளும்: வீட்டு நெட்டில் போன் பேசிய நாலு வருஷம்

என் குரல் அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று எனக்கே ரொம்ப நாள் தெரியாது. 2021 கடைசியில் எங்கள் டீம் லீட் ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார். நான் க்ளெய்ம் நம்பர் சொல்கிறேன்: "செவன், ஃபோர், ...ன், ...ட்டூ". ஃபைவா நைனா என்று எனக்கே புரியவில்லை. எதிர்முனையில் இருப்பவர் பேசியதோ கண்ணாடி மாதிரி தெளிவு. இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். வருவது நன்றாக இருந்து போவது மட்டும் உடைகிறது என்றால் கோளாறு அப்லோடில்தான். அது தெரியாமல் ஹெட்செட்டை மாற்றினேன்.

வேலை ஏஆர் காலிங். அமெரிக்க டாக்டர்களுக்கு வரவேண்டிய இன்சூரன்ஸ் பணம் ஏன் நிற்கிறது என்று கம்பெனி கம்பெனியாகப் போன் போட்டுக் கேட்பது. மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடியறைதான் ஆபீஸ், சாயங்காலம் 6.30 முதல் விடிகாலை 3.30 வரை. போன் எல்லாம் லேப்டாப்பில் இருக்கும் சாஃப்ட்போன் வழியாக. இந்த வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: 40 நிமிஷம் ஹோல்டு மியூசிக் கேட்டபிறகு ஒரு மனுஷி எடுத்து, "யூ ஆர் பிரேக்கிங் அப்" என்று சொல்லி வைத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று. மறுபடி ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, 40 நிமிஷம்.

வீட்டுக்காரருக்குக் கல்யாண வீடியோ தொழில். முகூர்த்தம் முடிந்த ராத்திரி மெமரி கார்டில் இருப்பதையெல்லாம் ஆல்பம் எடிட் செய்பவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு 40 ஜிபி சாதாரணம். ஆவணி, தை என்றால் கேட்கவே வேண்டாம். கீழே அவர் அப்லோடைத் தட்டுவார், மாடியில் என் குரல் உடையும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஆடியில் எனக்கு ஸ்கோர் நன்றாக வரும், ஆவணியில் விழும். மழைக்காலம் வந்தால் லைன் அப்படித்தான் என்று கேபிள்காரர் சொன்னதை நம்பினோம்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். 40 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்கினோம். ("எம்பிபிஎஸ்ஸா, யாரு படிக்கப்போறா?" என்றார் அத்தை.) பில் ஏறியது, குரல் அப்படியே இருந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஒரு போன் பேச்சுக்கு எவ்வளவு வேண்டும்? ஜி.711 என்ற பழைய கோடெக்கில் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) குரலுக்கு 64 கேபிபிஎஸ். ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால்தான் ஒரு எம்பிபிஎஸ். குரல் சின்னச் சின்னப் பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாகப் போகும்: 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட், செகண்டுக்கு 50. ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்டுகிற முகவரிச் சுமையைச் சேர்த்தாலும் சுமார் 87 கேபிபிஎஸ்தான். ஓபஸ் மாதிரி புதுக் கோடெக் என்றால் அதிலும் பாதிக்குக் கீழே போதும். பழைய 40 பிளானிலேயே நானூறு பேர் ஒரே நேரத்தில் பேசியிருக்கலாம். ஆக, அகலம் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வரிசை. அமெரிக்க சர்வருக்கு எங்கள் வீட்டிலிருந்து போய் வர, நெட்டில் வேறு வேலையே நடக்காதபோதே 250 மில்லி செகண்ட் ஆகிறது. கடல் தாண்டும் தூரம், அதைக் குறைக்க முடியாது. ஒரு வழிக்கு 150க்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. அதாவது என் ஒதுக்கீட்டில் முக்கால்வாசிக்கு மேல் கடலிலேயே கரைந்துவிடுகிறது, வீட்டுக்குள் வீணாக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. ஒரு முகூர்த்த ராத்திரி, பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் என்று காட்டும் சோதனை) ஓடவிட்டு வைத்துக்கொண்டு, "என்னங்க, இப்ப ஏத்துங்க" என்றேன். கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு 30இல் ஓடிக்கொண்டிருந்தது 90, 260, 480 என்று ஏறி அங்கேயே நின்றது. "நிறுத்துங்க" என்றேன். இரண்டு செகண்டில் மறுபடி 30. அவர் படியேறி வந்து ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "அப்ப இத்தன நாளா நாந்தானா?" என்றார். அவர்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற கப்பலூர் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்லோடு என்பது லாரி வரிசை. ரூட்டர், ஃபைபர் பெட்டி எல்லாம் ஒரு பாக்கெட்டையும் தவறவிடக் கூடாது என்று பெரிய இடமாக வைத்து வரிசையை நீள விடுகின்றன. என் குரல் ஒரு டூவீலர். அதையும் கடைசி லாரிக்குப் பின்னால் நிறுத்தினால் எப்போது போய்ச் சேருவது? 100 பிளான் எடுத்தால் ரோடு அகலமாகும், ஆனால் அப்லோடு அந்த அகலத்தையும் நிரப்பிவிடும். நிரப்புவதுதான் அதன் வேலை. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ், 2010 வாக்கில். அவரும் தன் வீட்டு நெட் திணறியதை நோண்டப் போய்த்தான் இதைப் பிடித்தார் என்று படித்தபோது ஒரு ஆறுதல்.

தீர்வு, டூவீலருக்கு ஓரத்தில் தனி வழி. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரூட்டரில் எஸ்க்யூஎம் என்று, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் ஒரு வசதி இருக்கிறது. அதில் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தேன். அது ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து, கொஞ்சமாக அனுப்புகிறவனை முதலில் விட்டுவிடும். முக்கியமான சூட்சுமம் ஒன்று: உங்கள் வேகத்தை நீங்களே கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும். 100 வருகிற லைனில் நான் 85 என்று போட்டிருக்கிறேன். அப்போதுதான் வரிசை நெட் கம்பெனிக்காரர் பெட்டியில் சேராமல் என் ரூட்டரில் சேரும். என் வாசலில் நிற்கிற வரிசையைத்தானே நான் ஒழுங்குபடுத்த முடியும்?

காசு கொடுத்து வாங்கும் வேகத்தைக் குறைப்பதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. கணக்குப் போட்டுக் காட்டினேன். 40 ஜிபி ஏற 100இல் 53 நிமிஷம், 85இல் 63. பத்து நிமிஷம். ஒரு ஹோல்டு மியூசிக்கில் கால்வாசி.

இதில் ஒரு தண்டச் செலவும் உண்டு. டவுன்ஹால் ரோட்டில் 1,800 ரூபாய்க்கு ஒரு பழைய ரூட்டர் வாங்கி வந்தேன். எஸ்க்யூஎம் எல்லா பாக்கெட்டையும் பிராசசர் வழியாகத் திருப்புவதால் சின்ன ரூட்டர் மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியாது. வேகம் 60ஐத் தாண்டவே இல்லை. ரெண்டு மாசம் பொறுத்துவிட்டு, திறன் கூடிய ரூட்டர் ஒன்று வாங்கிய பிறகுதான் வீட்டில் சமாதானம். இப்போது முழு அப்லோடு ஓடும்போதும் பிங் 40ஐத் தாண்டுவது அபூர்வம். ரெக்கார்டிங்கில் என் ஃபைவ் ஃபைவாகவே இருக்கிறது.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கேபிள் போடுங்கள். ஹாலிலிருந்து மாடிக்கு 15 மீட்டர் லேன் ஒயர், ஜன்னல் ஓரமாக ஆணி அடித்தது. தெருவில் எல்லா ரூட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று, ஆறு, பதினொன்று என்ற மூன்று சேனலுக்குள் நெருக்கியடிக்கின்றன. புளூடூத் ஹெட்செட்டும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. ஒயர் போட்ட அன்றே, எப்போதாவது வரும் கரகரப்பு போய்விட்டது. ஆனால் அப்லோடு உடைசலுக்கு ஒயரால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

ஆபீஸ் விபிஎன் (எல்லாவற்றையும் பூட்டி ஆபீஸுக்கு அனுப்பும் தனிக் குழாய்) வழியாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விபிஎன்னுக்குள் போனபிறகு குரல் எது ஃபைல் எது என்று ரூட்டருக்குத் தெரியாது, எல்லாம் ஒரே மூட்டை. வீட்டுக்காரரின் அப்லோடிலிருந்து ரூட்டர் என்னைக் காப்பாற்றும். என் லேப்டாப்பிலேயே பெரிய ஃபைல் சிங்க் ஆனால் காப்பாற்றாது. ஷிஃப்ட் தொடங்கியதும் அதை நிறுத்திவைப்பது என் வழக்கம்.

கரண்ட் கட்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று, ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து. முதலில் வாங்கியது ரெண்டே வருஷத்தில் பேட்டரி உப்பிவிட்டது. இரண்டாவது நன்றாக ஓடுகிறது.

ஹாட்ஸ்பாட்டை நம்பி மட்டும் இருக்காதீர்கள். போன சித்திரைத் திருவிழாவுக்கு செல்லூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஷிஃப்ட்தானே, போனில் சமாளிக்கலாம் என்று லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி. வைகைக் கரை முழுக்க ஜனம், அத்தனை பேர் கையிலும் போன். டவர் ஐந்து கோடு காட்டுகிறது, ஒரு பாக்கெட் நகரவில்லை. எஸ்க்யூஎம் என்ன செய்யும், ரோடே டவர்காரருடையது. "இன்னைக்கிப் போயி எவளாச்சும் போன் பேசுவாளா, அங்கிட்டு வச்சுட்டு வாடி" என்றார் அம்மா. டீம் லீடுக்கு லீவு மெசேஜ் தட்டினேன். அதுவும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் போனது.