மேடன் 25: ஓடும் குவார்ட்டர்பேக்கைப் படிக்கப் பிராக்டிஸ் மோடு போதும், ஆன்லைன் வேண்டாம்

கபடியில் பாடி வருபவர் கார்னரில் நிற்கும் ஒருவரையே குறிவைத்துக் காலை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கார்னர்காரர் கணுக்காலுக்குப் பாய்ந்தால் ரெய்டர் உள்பக்கம் திரும்பிவிடுவார். பாயாமல் நின்றால் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டு வீடு திரும்புவார். எதைச் செய்தாலும் கார்னர்காரர் மேல்தான் பழி. அமெரிக்கன் ஃபுட்பாலில், எறியவும் ஓடவும் தெரிந்த குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) எதிரணியின் ஓரத்து ஆளுக்கு வைக்கும் கண்ணியும் இதுதான். டிவியில் ஆட்டம் பார்த்து இது பிடிபடுவது கடினம். கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ஏமாந்த ஆள் திரைக்கு வெளியே நிற்பார். இஏ நிறுவனத்தின் மேடன் என்எஃப்எல் 25, 2024 ஆகஸ்ட் 16 அன்று வந்த வீடியோ கேம். அந்த ஏமாந்த ஆளை நிறுத்தி வைத்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காது. அதற்காக மட்டும்தான் இதை வாங்கலாம்.

முதலில் கணக்கு. பக்கத்துக்கு 11 பேர். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுவதற்கென்றே உள்ளவர்) கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவராக இருந்தால், தாக்கும் அணியில் அந்த இருவரும் போக முட்டுக்கொடுக்க, அதாவது எதிராளியை மறித்து வழிவிட, மிஞ்சுவது 9 பேர். எதிரே 11 பேர். யாரும் தடுக்காத இரண்டு பேர் எப்போதும் மிச்சம். குவார்ட்டர்பேக்கும் ஓடுவார் என்றால் கணக்கு மாறுகிறது. எதிரணித் தடுப்பாளர்களில் ஒருவரை யாரும் தொடுவதில்லை. அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்து, அவர் போகாத பக்கம் பந்து போகிறது. 9 பேரை 9 பேர் முட்ட, 10ஆவது ஆளைக் கண்ணாலேயே முடக்கியாயிற்று. மிச்சம் ஒருவர், பெரும்பாலும் ஆழத்தில் நிற்கும் சேஃப்டி என்ற கடைசிக் காவலர். ரீட் ஆப்ஷன் என்பதன் சாரம் இவ்வளவே.

கேமில் இதைச் செய்து பார்க்க பிராக்டிஸ் மோடுக்குப் போய், பால்டிமோர் ரேவன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். லாமர் ஜாக்சனின் அணி. 2019இல் 1,206 யார்டு ஓடி, 2006இல் மைக்கேல் விக் வைத்திருந்த 1,039 என்ற குவார்ட்டர்பேக் சாதனையை முறியடித்தவர். அதே பருவத்தில் எறிந்து 36 டச்டவுன். இரண்டையும் ஒருவரே செய்வதுதான் இங்கே நமக்கு வேண்டியது. குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்கும் ஷாட்கன் அமைப்பில் ஒரு ரீட் ஆப்ஷன் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், படிக்க வேண்டிய தடுப்பாளரின் தலைக்கு மேல் ஆங்கில ஆர் எழுத்து தெரியும். ஸ்நாப் ஆனதும் (பந்து குவார்ட்டர்பேக்கிடம் வந்து ஆட்டம் தொடங்கியதும்) எக்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் பந்து ரன்னிங் பேக்குக்குப் போகும். அழுத்தாமல் விட்டால் குவார்ட்டர்பேக்கிடமே இருக்கும். முடிவெடுக்கக் கிடைப்பது ஏறக்குறைய அரை நொடி.

புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: ரன்னிங் பேக்கைப் பார்ப்பது. அவரைப் பார்க்கவே வேண்டாம். ஆர் குறி உள்ளவரின் தோள்பட்டையைப் பாருங்கள். தோள் உள்பக்கம் திரும்பி, பந்து வைக்கப்பட்ட கோட்டை ஒட்டியே ரன்னிங் பேக்கைத் துரத்த ஆரம்பித்தால் பந்தை வைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுப்போன ஓரம் காலி. தோள் நேராக உங்களைப் பார்த்தபடி நின்றால் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் கொடுப்பதே நல்லது. தப்பாகக் கொடுத்தால் போவது இரண்டு யார்டு, தப்பாக வைத்துக்கொண்டால் பந்தே போகலாம்.

இன்னொரு தவறு பக்கத்தைக் குழப்பிக்கொள்வது. ரன்னிங் பேக் வலப்பக்கம் நின்றால் அவர் குவார்ட்டர்பேக்கைத் தாண்டி இடப்பக்கம் ஓடுவார். அப்போது படிக்க வேண்டிய ஆள் வலது ஓரத்தில் இருப்பவர், வைத்துக்கொண்டு ஓட வேண்டியதும் வலப்பக்கம். ஸ்நாப்புக்கு முன்பே அந்தப் பக்கத்துக் கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைக் காப்பவர்) கோட்டை நெருங்கி வந்து நின்றால் பிளிட்ஸ் (கூடுதல் ஆள் குவார்ட்டர்பேக் மேல் பாய்வது) வருகிறது என்று எண்ணிக்கொண்டு ஆட்டத்தைப் பக்கம் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் ஓடினால் ஆர் குறிக்காரரை ஏமாற்றியும் கார்னர்பேக்கின் கையில் போய் விழுவீர்கள்.

பந்தோடு வெளியே வந்த பிறகு ஆர்2 அழுத்தினால் வேகம், ஆர்1 அழுத்தினால் பந்தை அணைத்துக்கொள்வார், சதுரப் பட்டனைத் தட்டினால் சறுக்கி உட்கார்வார். இந்த மூன்றில் நம்மவர்கள் மறப்பது சறுக்குவதை. சறுக்கத் தொடங்கிய இடத்திலேயே அந்த முயற்சி முடிந்ததாக நிஜ விதியும் சொல்கிறது, அதற்கு மேல் அடித்தால் தடுப்பவருக்குத்தான் தண்டனை. இன்னும் மூன்று யார்டுக்கு ஆசைப்பட்டு லைன்பேக்கர் (முன்வரிசைத் தடுப்பாளர்களுக்குப் பின்னால் நிற்பவர்) மேல் மோதினால் பந்து கையைவிட்டுப் போகும்.

ஓடிக்கொண்டே எறிவதும் இதேபோல் நுணுக்கமானது. ஆர்2வைப் பிடித்தபடியே எறிந்தால் பந்து தலைக்கு மேல் பறக்கும். ஓட்டத்திலேயே எறியும் திறனுக்கு ஒவ்வொரு குவார்ட்டர்பேக்குக்கும் தனி மதிப்பெண் உண்டு. அது குறைவாக உள்ளவரை வைத்து ஓரமாக ஓடி எறிய முயல்வது வீண். எறிவதற்கு ஒரு கணம் முன்பு ஆர்2விலிருந்து விரலை எடுத்துக் காலை ஊன்றவிட்டால் பந்து ஆளிடம் போகும். சின்ன விஷயம், ஆனால் ஆட்டமே இதில்தான் திரும்புகிறது.

இனி எதிர்ப்பக்கம். இந்தக் கேமின் உண்மையான பயன் இங்கேதான். பிராக்டிஸ் மோடில் எதிரணி எந்த டிஃபென்ஸ் ஆட வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். மூன்றாவது முயற்சி (பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள்), 8 யார்டு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, முதலில் ஆளுக்கு ஆள் காக்கும் கவர் 2 மேனைக் கொடுங்கள். நான்கு பேர் பாய்கிறார்கள், ஐந்து பேர் தங்கள் ஆளின் பின்னால் ஓடுகிறார்கள், இரண்டு பேர் ஆழத்தில். குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பவர் எவரும் இல்லை. அந்த ஐந்து பேரின் முதுகும் உங்களுக்குத் தெரியும். ரிசீவர்கள் ஆழமாக ஓடி அவர்களை இழுத்துப் போனதும் நடுவில் ரங்கநாதன் தெரு காலை ஆறு மணிக்குக் கிடப்பதுபோல் இடம் கிடக்கும். எட்டு யார்டு என்ன, பன்னிரண்டு கிடைக்கும்.

அடுத்து அதே சூழலில் கவர் 3 கொடுங்கள். இடம் காக்கும் முறை. எல்லோர் கண்ணும் குவார்ட்டர்பேக் மேல். இப்போது ஓடினால் ஐந்தாறு யார்டில் மடக்கிவிடுவார்கள். ஆனால் ஓடுவதுபோல் இரண்டு எட்டு வைத்தால் கீழ்ப்பகுதியில் நிற்கும் லைன்பேக்கர் முன்னால் வருகிறார், அவர் முதுகுக்குப் பின்னால் ரிசீவர் சும்மா நிற்கிறார். ஓடும் மிரட்டல் எறியும் வழியைத் திறக்கும் இடம் இதுதான். ரீப்ளேயை நிறுத்தி, அந்த லைன்பேக்கர் எந்தக் கணத்தில் கால் எடுத்து வைத்தார் என்று பாருங்கள். பத்து ஆட்டங்கள் பார்த்தாலும் கிடைக்காத தெளிவு பத்து நிமிடத்தில் கிடைக்கும்.

இதற்கு மருந்து என்று எல்லோரும் சொல்வது ஸ்பை. குவார்ட்டர்பேக்கை மட்டும் கவனிக்க ஒருவரை ஒதுக்குவது. நான்கு பேர் பாய, ஒருவர் ஸ்பை என்றால், காக்க மிஞ்சுவது ஆறு பேர். விலை கொடுத்தாக வேண்டும். கேமில் நடுவில் நிற்கும் கனத்த லைன்பேக்கரை ஸ்பை ஆக்கினால், அவர் பக்கவாட்டில் சரியாகத்தான் நகர்கிறார். குவார்ட்டர்பேக் ஓரத்துக்கு முழு வேகத்தில் பாய்ந்ததும் கோணத்தை இழந்துவிடுகிறார். வேகமான சேஃப்டியை இறக்கி அந்த வேலையைக் கொடுத்தால் பிடிபடும். ஆனால் சேஃப்டி கீழே வந்ததும் ஆழத்தில் ஒருவர் குறைகிறார், உடனே நீளமான பந்துக்கு வழி பிறக்கிறது. போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் தெரிகிற கதை.

கன்டெய்ன் இன்னொரு வழி. டிஃபென்ஸ் லைன் மெனுவில் அதைப் போட்டால் இரு ஓரத்தவர்களும் குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போகாமல் வெளிப்புறம் வேலி போடுவார்கள். பலன் உண்டு. ஆனால் ஓரத்திலிருந்து அழுத்தம் மெதுவாக வருவதால் எறிய நேரம் கூடுகிறது, நடுவரிசையில் நிற்கும் இரண்டு டேக்கிள்களுக்கு நடுவில் சந்தும் விழுகிறது. ரீட் ஆப்ஷனுக்கும் ஆர்பிஓவுக்கும் (ஓடக் கொடுப்பதா, எறிவதா என்று கடைசியில் முடிவு செய்யும் ஆட்டம்) கோச்சிங் அட்ஜஸ்ட்மென்ட் பக்கத்தில் தனித்தனி அமைப்பு இருக்கிறது: ஓரத்தவர் குவார்ட்டர்பேக்கை நோக்குவதா, ரன்னிங் பேக்கைத் துரத்துவதா என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். ஒரு ஆட்டம் முழுக்க ஒரே அமைப்பில் விட்டால் எதிராளி ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

நிஜ அணிகள் கையாளும் நல்ல தந்திரம் ஸ்கிரேப். ஓரத்தவர் வேண்டுமென்றே உள்ளே பாய்கிறார். குவார்ட்டர்பேக் 'ஏமாந்தான்' என்று பந்தை வைத்துக்கொண்டு வெளியே வருகிறார். அங்கே உள்ளிருந்து சுற்றி வந்த லைன்பேக்கர் காத்திருக்கிறார். படிப்பவரையே பொய் படிக்க வைப்பது. கணினி இதைப் போதுமான அளவு செய்வதில்லை, பெரிய குறை. செய்து பார்க்க வேண்டுமானால் டிஃபென்ஸ் பக்கம் நீங்கள் அமர்ந்து, லைன்பேக்கரை நீங்களே ஓட்ட வேண்டும். பக்கத்தில் நண்பர் ஒருவர் இரண்டாவது கன்ட்ரோலரோடு இருந்தால் உத்தமம்.

ஆர்பிஓ பற்றி ஒரு வார்த்தை. கொடுப்பதா, எறிவதா என்பதை ஸ்நாப்புக்குப் பிறகு முடிவு செய்யும் ஆட்டம் அது. முட்டுக்கொடுப்பவர்கள் ஓட்டம் என்று நினைத்து முன்னேறுவார்கள். எறிவதற்குள் அவர்கள் கோட்டைத் தாண்டி ஒரு யார்டுக்கு மேல் போயிருந்தால் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் தண்டனை. கல்லூரி ஆட்டத்தில் மூன்று யார்டு வரை விடுகிறார்கள். ஆகவே ஆர்பிஓவில் எறிவதென்றால் உடனே எறியுங்கள். யோசித்துக்கொண்டு நின்றால் தண்டனைக் கொடி விழும்.

குறைகளில் முக்கியமானது, கணினி ஓட்டும் குவார்ட்டர்பேக் நிஜ ஆளைவிட ஓடத் தயங்குகிறார். லாமரை எதிர்த்து டிஃபென்ஸ் பழகலாம் என்று உட்கார்ந்தால், அவர் பாக்கெட்டுக்குள்ளேயே (முட்டுக்கொடுப்பவர்களின் அரணுக்குள்) நின்று எறிந்துகொண்டிருப்பார். மனிதர் ஓட்டினால் நேர் எதிர்: பதினைந்து யார்டு பின்னால் ஓடி வட்டமடிக்கிறார்கள். நிஜத்தில் அப்படிச் செய்பவரைப் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். உடம்பு கொடுக்கும் விலையும் ஒற்றை ஆட்டத்தில் தெரியாது. 2012இல் புதுமுகமாக 815 யார்டு ஓடிய ராபர்ட் கிரிஃபின், அந்தப் பருவத்தின் பிளேஆஃப் ஆட்டத்திலேயே முழங்கால் சிதைந்து வெளியேறினார். மேடன் 2004இன் அட்டையில் இருந்த, கேமில் எவராலும் பிடிக்க முடியாத மைக்கேல் விக், நிஜத்தில் 2003 ஆகஸ்ட் முன்பருவ ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்து கிடந்தார்.

ஆன்லைன் ஏன் வேண்டாம்? எதிராளி அமெரிக்காவில் இருந்தால் சென்னையிலிருந்து சிக்னல் போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஃபைபர் இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் தூரம் குறையாது. ரீட் ஆப்ஷனில் கிடைப்பதே அரை நொடி. அதில் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விட்டால் படிப்பது எங்கே? ஊகம்தான். டிவியில் கேம் மோடு போடாமல் ஆடினால் வீட்டுக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் தாமதம் சேரும். அதை முதலில் போடுங்கள்.

அமெரிக்காவில் என்எஃப்எல் பருவம் நடக்கும்போது ஞாயிறு ஆட்டங்களின் முதல் தொகுதி நம் நேரப்படி இரவு 10:30க்குத் தொடங்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு 11:30. இரவில் பார்த்த ஒரு ஓட்டத்தை மறுநாள் மாலை பிராக்டிஸ் மோடில் அதே அமைப்பில் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கேமைப் பயன்படுத்தச் சிறந்த வழி. தொடக்கத்தில் ஆல்-ப்ரோ நிலையில் ஆடுங்கள். ரூக்கி, ப்ரோ நிலைகளில் தடுப்பாளர்கள் மந்தமாக இருப்பதால் எப்படிப் படித்தாலும் ஓட முடிகிறது, எதுவும் கற்க முடியாது.

மின்சாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மே மாத வெயிலில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் இடைவெளியில் பிஎஸ்5 அணைந்துவிடும். ஓர் அணியைப் பல பருவங்கள் நடத்தும் ஃபிரான்சைஸ் மோடில் சேமிக்கும் நேரமாக இருந்தால் அந்தக் கோப்பு கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

பிஎஸ்4 பதிப்பை வாங்காதீர்கள். ஆளை மடக்கிப் பிடிக்கும் புதிய டேக்கிள் முறை அதில் கிடையாது. ஓடுபவரை எந்தக் கோணத்தில் பிடித்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம், அது இல்லாமல் பாதிப் பயன் போய்விடும். பிசியில் வாங்கினால் கீபோர்டை மறந்துவிட்டு டிரிகர் உள்ள கன்ட்ரோலரைச் சேர்த்து வாங்குங்கள். 2025 ஆகஸ்டில் மேடன் 26 வந்துவிட்டதால் 25இன் பழைய டிஸ்க்குகள் கைமாறுகின்றன. பிராக்டிஸ் மோடுக்கு மட்டும் என்றால் இதுவே போதும். ரிச்சி தெருவில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2013இல் வந்த பழைய கேமுக்கும் மேடன் என்எஃப்எல் 25 என்றுதான் பெயர். அட்டையில் பேரி சாண்டர்ஸோ ஏட்ரியன் பீட்டர்சனோ இருந்தால் அது பழையது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இருக்க வேண்டும். டிஸ்க் ஓட்டை இல்லாத பிஎஸ்5 வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.