வாரம் ஒரு தோராப் பகுதி: ஓர் இணையவழி வகுப்பில் ஓராண்டு

யூதர்களின் திருமறையான தோராவின் ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓய்வுநாள்தோறும் முறைப்படி வாசித்து, சிம்ஹத் தோரா திருநாளில் முடித்து, அன்றே ஆதியாகமத்தின் முதல் வரிக்குத் திரும்புவது அவர்களின் மரபு. பராஷா எனப்படும் அந்த வாரப் பகுதியை அன்றாட வாழ்க்கையோடு சேர்த்துக் கற்பிக்கும் இணையவழி வகுப்பு ஒன்றில் ஒரு முழுச் சுற்றும் கலந்துகொண்டேன். யூதரல்லாதவர்களும் அதில் சேரலாம்.

ஞாயிறன்று பகுதியின் மொழிபெயர்ப்பு வந்துவிடும். வியாழன் மாலை ஒரு மணி நேரம் கலந்துரையாடல். மூலத்தை இரண்டு முறையும் அரமேய மொழிபெயர்ப்பை ஒரு முறையும் வாசிக்கும் பழைய வழக்கத்தை ஒட்டி, எங்களையும் இரண்டு முறை வாசித்துவிட்டே வரச் சொன்னார் ஆசிரியர். வகுப்பு வெறும் சொற்பொழிவாகிவிடாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

மிகச் சிறப்பாக அமைந்தது, பலரும் தாண்டிப் போக விரும்பும் மெட்சோரா பகுதிதான். தோராவின் மூன்றாம் நூலான லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின்படி, வீட்டுச் சுவரில் தோஷம் எனப்படும் நோய்க்கறை தென்பட்டால் வீட்டுக்காரர் ஆசாரியரிடம் (வழிபாட்டுக் குருவிடம்) போய், ‘தோஷம் போல் ஏதோ எனக்குத் தென்படுகிறது’ என்று அறிவிக்க வேண்டும். அது தோஷம்தான் என்று உறுதியாகத் தெரிந்த அறிஞர்கூட ‘போல்’ என்றே சொல்ல வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. எபிரேயத்தில் இந்தப் ‘போல்’ தனிச்சொல்கூட அல்ல. சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்தை விட்டு நகராமல் அரை மணி நேரம் பேசினோம். பிறகு, ஆசாரியர் பார்க்க வருமுன் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வரி வந்தது. அவர் தீட்டு என்று அறிவித்துவிட்டால் உள்ளிருப்பவை எல்லாம் தீட்டாகிவிடும். மற்றப் பாத்திரங்களை நீரில் அமிழ்த்தித் தூய்மையாக்கலாம், மண்பாத்திரத்துக்கு அந்த வழி இல்லை. ஆகவே தோராவின் கவலை மண்பாத்திரத்தைப் பற்றியது என்று 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி விளக்குகிறார். ஓர் ஏழையின் பானைக்காகச் சட்டம் காத்து நிற்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

அந்த வாரம், உடன் பணிபுரியும் ஒருவருக்கு, ‘கணக்கில் தவறு செய்துவிட்டீர்கள்’ என்று ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் அதை எடுத்து, ‘தவறு போல் எனக்குத் தோன்றுகிறது, சேர்ந்து பார்க்கலாமா?’ என்று மாற்றி அனுப்பினேன்.

எல்லா வாரமும் இப்படி அமையவில்லை. யாத்திராகமத்தின் இறுதியில் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் பலகைகளும் கொக்கிகளும் வரும்போது, ‘உள்ளத்தையே கூடாரமாக்குவோம்’ என்று பொதுவாகச் சொல்லி ஆசிரியர் கடந்துவிட்டார். அங்கே வரும் பெகுதே பகுதியோ மக்கள் கொடுத்த பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்று அக்கால எடை அளவுகளில் கணக்கைத் திறந்து வைத்துத்தான் தொடங்குகிறது. பொதுப்பணத்தைக் கையாளும் எவருக்கும் நேரடியாகப் பயன்படும் இடம் அது. அதைத் தொடாமல் விட்டது உண்மையான இழப்பு.

இரண்டு பகுதிகளை ஒரே வாரத்தில் சேர்த்து வாசிக்கும் வாரங்களில் நேரமும் போதவில்லை. மெட்சோராவோடு சேர்ந்து வந்த தஸ்ரியாவுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. 13 மாதங்கள் கொண்ட யூத லீப் ஆண்டில் இவ்விரண்டும் தனித்தனி வாரங்களில் வாசிக்கப்படும்; தஸ்ரியாவுக்காகவே அந்த ஆண்டிலும் சேர்வதாக இருக்கிறேன்.