மாச்சு பிச்சுவா, சோக்கெகிராவா, ரக்ச்சியா: ஓட்டக்காரரின் கணக்கு

பெருவில் குஸ்கோவிலிருந்து பூனோவுக்குக் கிட்டத்தட்ட 390 கி.மீ. அதை ஓடியே கடக்கப் போகிறேன் என்று சொன்னபோது ஓட்டத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “அப்போ மாச்சு பிச்சு?” என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வண்டியில் போகிறவருக்கு நாற்பது கி.மீ. சுற்று என்பது ஒரு மணி நேரச் சமாசாரம். ஓடுகிறவருக்கு அது ஒரு முழு நாள். திரும்பி வர இன்னொரு நாள், கால் ஆற மூன்றாவது நாள். எது அழகு என்று மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பூனோ போய்ச் சேர மாட்டோம்.

நான் மூன்று இன்கா சிதிலங்களைப் போட்டியில் வைத்தேன். புகழில் மாச்சு பிச்சு, தனிமையில் சோக்கெகிராவ், வழியிலேயே இருப்பதில் ரக்ச்சி.

முதலில் மாச்சு பிச்சு. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இன்கா பேரரசர் பச்சாகுட்டி காலத்தில் கட்டப்பட்டது, 1911இல் அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்ஹாம் வழியாக வெளியுலகம் அறிந்தது, 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஓட்டக்காரருக்கு வாயில் எச்சில் ஊறுவது அதற்குப் போகும் இன்கா பாதையை நினைத்துத்தான். 82ஆவது கி.மீ. என்றே பெயர் பெற்ற ரயில்பாதை ஓரத்தில் தொடங்கி ஏறக்குறைய 42 கி.மீ.; மாரத்தான் தூரம். நடுவில் 4,215 மீட்டர் உயரத்தில் ‘இறந்த பெண்ணின் கணவாய்’. கடைசியில் சூரிய வாசலில் நின்றால் கீழே ஊர் முழுக்கத் தெரியும். இதைவிட நல்ல முடிவுக்கோடு எந்தப் பந்தயத்துக்கும் கிடையாது.

சிக்கல் அனுமதிச் சீட்டில் இருக்கிறது. வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள் உட்பட ஒரு நாளைக்கு 500 பேர்தான். அதில் பயணிகள் பங்கு 200 சொச்சம். உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் வாங்க வேண்டும். கடவுச்சீட்டு எண்ணும் தேதியும் அதில் இருக்கும். மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையையே மூடிவிடுகிறார்கள். நீண்ட ஓட்டத்தில் இருப்பவருக்கோ அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்போம் என்பதே தெரியாது. குஸ்கோவில் ஒரு முகவர் “இந்த வாரமே ஏற்பாடு பண்ணித் தருகிறேன்” என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். கடைசியில் கையில் கொடுத்தது ரயில் டிக்கெட். திட்டவும் தெம்பில்லை, ஸ்பானிஷும் போதவில்லை.

ரயிலில் போனாலும் மாச்சு பிச்சு மாச்சு பிச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நேரம் குறித்த நுழைவு, வகுத்த சுற்றுப்பாதை, ஒரு வழிப் போக்கு. ஓடக் கூடாது என்றே விதி இருக்கிறது! ஓடி வந்தவன் ஓடாமல் வரிசையில் நகர்ந்து, முன்னால் போகிறவர் படம் எடுத்து முடிக்கும் வரை காத்து நின்றேன். அங்கே எனக்குப் பிடித்த ஓட்டம், அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தஸிலிருந்து பேருந்து வளைந்து வளைந்து ஏறும் மலையில் கால்நடையாக ஏறும் படிக்கட்டுதான். ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். காலை ஐந்தரை மணிக்கு அதில் மூச்சு வாங்க ஏறியபோதுதான் ஏதோ சம்பாதித்த மாதிரி இருந்தது.

சோக்கெகிராவ் நேர் எதிர். பேருந்து கிடையாது, ரயில் கிடையாது. கேபிள் கார் வரப்போகிறது என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் கப்புலியோக் விளிம்பிலிருந்து அபுரிமாக் ஆற்றுக்கு, 1,500 மீட்டர் உயரம் வரை இறங்க வேண்டும். பாலத்தைத் தாண்டி எதிர் மலையில் ஏறினால் சிதிலம் 3,050 மீட்டரில். திரும்புவதும் அதே வழி. நடப்பவர்கள் நான்கு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். நன்றாக ஓடுபவர் இரண்டு நாளில் முடிக்கலாம், ஆனால் தொடை அதை மன்னிக்க ஒரு வாரம் ஆகும். என்னுடையது மன்னிக்கவில்லை. மூன்றாம் நாள் விடுதிப் படியில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினேன்.

ஆற்றங்கரையில் இன்னொரு விருந்து: கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சிகள். கடித்த இடத்தில் ஊசி குத்தியது போல் ஒரு சிவப்புப் புள்ளி. இரவில்தான் அரிப்பு தொடங்கும். அரைக்கால் சட்டையில் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு. ஊர் பாதிக்கு மேல் இன்னும் காட்டுக்குள்தான் புதைந்திருக்கிறது. வெட்டித் திருத்திய பகுதியில் நான் போன பிற்பகலில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். மேற்குச் சரிவுக்கு இறங்கினால், படியடுக்கு வயல்களின் கருஞ்சுவரில் வெள்ளைக் கல் பதித்துச் செய்த லாமாக்கள் வரிசையாக ஏறுகின்றன. சுவருக்குப் பக்கத்தில் நின்றால் வெறும் வெள்ளைக் கல். இருபது அடி தள்ளி வந்ததும் கழுத்து, கால், வால். வேறு எந்த இன்கா சிதிலத்திலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் தப்பாகக் கணக்குப் போட்டேன். உயரத்துக்கு உடம்பைப் பழக்குகிற மாதிரியும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். குஸ்கோ 3,400 மீட்டர். சோக்கெகிராவ் அதைவிடத் தாழ்வு, மாச்சு பிச்சு 2,430 மீட்டர், இன்னும் தாழ்வு. பூனோ இருக்கும் ஆல்டிப்பிளானோ மேட்டுநிலத்தில் ஓடப்போகிறவர் இரண்டுக்கும் போய்ப் பழக்கத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. கோகா இலைத் தேநீர் குடித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். குடியுங்கள். ஆனால் ஊக்கமருந்துச் சோதனை உள்ள போட்டி அருகில் இருந்தால் வேண்டாம், சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும்.

ரக்ச்சிக்கு இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை. பூனோ நெடுஞ்சாலையில் குஸ்கோவிலிருந்து சுமார் 120 கி.மீ., எனக்கு மூன்று நாள் ஓட்டம். வழியிலேயே ருமிகொல்கா வரும். இன்காக்களுக்கு முந்தைய வாரி மக்கள் கட்டிய கால்வாய்ச் சுவருக்கு இன்காக்கள் செதுக்கிய கல் போர்த்தி நகரத்துக்கு வாயிலாக்கிய இடம். சாலையை விட்டு இறங்காமலே பார்க்கலாம். பிறகு வில்கனோட்டா ஆற்றோரம் மெதுவான ஏற்றம். இதே ஆறுதான் கீழே உருபாம்பா என்று பெயர் மாறி மாச்சு பிச்சுவைச் சுற்றி வளைகிறது. லாரிகளும் நாய்களும்தான் தொந்தரவு. நாய்க்குக் குனிந்து கல்லெடுப்பது போல் பாவனை காட்டினால் போதும். நம்மூர் வித்தை ஆண்டிஸிலும் செல்லுபடியாகிறது.

ரக்ச்சியில் முதலில் தெரிவது இன்காக்களின் படைப்புக் கடவுளான விராகோச்சாவின் கோயிலின் நடுச்சுவர். அடியில் இழைத்துப் பொருத்திய கல், அதற்கு மேலே சுடாத மண் செங்கல், உயரம் 12 மீட்டர் அளவுக்கு. மண் கரையாமல் இருக்க இப்போது மேலே சின்ன ஓட்டுக் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டடம் 92 மீட்டர் நீளம். இன்கா உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய கூரைகளுள் ஒன்று இந்தச் சுவர்மேல்தான் நின்றது. இருபுறமும் வட்டத் தூண்கள் வரிசை கட்டியிருந்தன, அடிக்கட்டைகள் மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் என்னை அங்கே உட்கார வைத்தது கோயில் இல்லை, களஞ்சியங்கள். தெருத்தெருவாக வட்ட வடிவக் கல் அறைகள், நூற்றைம்பது அளவில். ஒன்றை மட்டும் புல் கூரை வேய்ந்து பழையபடி ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தேன். வெளியே வெயில் சுட்டது, உள்ளே குடத்துக்குள் நிற்பது போல் குளிர்ச்சி. தெற்கே கொய்யாசுயு பிரதேசத்துக்குப் போன இன்கா சாலை இந்த வளாகத்தைத் தொட்டுத்தான் போனது. படையும் அஞ்சலோட்டக்காரர்களான சாஸ்கிகளும் போன வழி. சக்கரமும் குதிரையும் இல்லாத அரசு, 30,000 கி.மீ.க்கு மேல் நீண்ட சாலையைக் கால்களை நம்பியே நடத்தியது. ஒரு சாஸ்கி சில கி.மீ. ஓடி, சேதியையும் கணக்குப் பதிந்த முடிச்சுக் கயிற்றையும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடுவார். முழுத் தூரத்தையும் ஒருவரே ஓடுகிற முட்டாள்தனம் அவர்களுக்கு இருக்கவில்லை.

மற்ற இரண்டிடத்திலும் நான் பார்வையாளன். இங்கே நான் வழிப்போக்கன், அந்த அறைகளோ வழியில் போகிறவர்களின் வயிற்றை நினைத்துக் கட்டியவை. என் கணக்கில் ரக்ச்சி ஜெயித்தது இந்த இடத்தில்தான். அழகில் அது மாச்சு பிச்சுவின் பக்கத்தில்கூட வராது.

எனவே, ஓட்டம் முடிந்து நாள் மிச்சமிருந்தால் சோக்கெகிராவ். பெருவுக்கு மறுபடி வர வாய்ப்பே இல்லை என்றால், பூனோவை மறந்துவிட்டு, சீட்டை முன்பே வாங்கிக்கொண்டு இன்கா பாதை. ஓட்டத்தின் நடுவே என்றால் ரக்ச்சி, அதுவும் காலையிலேயே. குஸ்கோ–பூனோ சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் சுவருக்கு முன்னால் குடைகளும் கொடிகளும்தான் தெரியும். அதற்குள் கிளம்பிவிட்டால், சதுக்கத்தில் மண்பானை விற்கும் பெண்கள் அப்போதுதான் துணி விரித்துக்கொண்டிருப்பார்கள். சிக்குவானி இன்னும் இருபது கி.மீ. சொச்சம், மதியச் சாப்பாடு அங்கே.