ஆனேக்கல் வீட்டு மாடில சோலார், 5-க்கு 3 ஸ்டார் குடுப்பேன்

பெங்களூரு பக்கம் ஆனேக்கல் தாண்டி எங்க வீடு, கரண்ட் லைன் கடைசில இருக்கறதால சாயங்காலம் ஆனா வோல்டேஜ் படுத்துடும், மிக்ஸி கூட முனகும். போன வருஷம் மாடில 3 கிலோவாட் சோலார் போட்டோம், பிஎம் சூர்ய கர்ங்கற மத்திய அரசு திட்டத்துல 78,000 ரூபா மானியம் வந்துச்சு. நல்ல வெயில்ல நாளைக்கு 12 யூனிட் கிட்ட வருது, பகல்ல மோட்டார் போட்டாலும் முன்ன மாதிரி வோல்டேஜ் இறங்கல. ஆனா போட்டுக்குடுத்த ஆளு ஒன்ன மட்டும் சொல்லவே இல்ல, கரண்ட் போனா, கரண்ட் லைனோட சேந்து ஓடற இந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் தானா நின்னுடும், லைன்ல வேலை பாக்கறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. மதியம் சுள்ளுனு வெயில் அடிக்குது, வீட்ல ஃபேன் சுத்தல, பக்கத்து வீட்டு அக்கா ‘இதுக்கா இவ்ளோ செலவு’ன்னு சிரிச்சுட்டு போறாங்க! பவர்கட் அதிகமான ஏரியான்னா கரண்ட் போனாலும் ஓடற மாதிரி பேட்டரியோட வர்ற ஹைப்ரிட் சோலாரே கேட்டு வாங்குங்க, காசு கூடத்தான் ஆகும்.