முரசுக்கு லேசர்: ஒரு தையல்காரியின் கணக்கு

நூலைப் பல்லால் கடித்து அறுப்பது எனக்குப் பழக்கம். கத்தரிக்கோல் மடியிலேயே கிடந்தாலும் பல்தான் முந்தும். பள்ளிச் சீருடை தைக்கும் காலத்தில் ஒருநாள் முரசில், அதாவது பல் ஈறில், கசிந்த இரத்தத்தால் வெள்ளை நூல் முனை சிவந்திருந்தது. ஒரு கொலரிலும் பட்டுவிட்டது. உப்புத்தண்ணீரில் கசக்கி எடுத்தேன். மகள் கண்டுவிட்டாள். அடுத்த நாளே கல்லடிப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் பல் கிளினிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் ‘லேசர்’ என்று பெரிய போர்ட்.

டொக்டருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். “அன்ரி, சீனி வருத்தம் இருக்கா?” என்று முதலிலேயே கேட்டார். இருக்கிறது. சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியும் கட்டுக்குள் நிற்காதாம். அப்புறம் மெல்லிய கம்பியை விட்டு ஒவ்வொரு பல்லடியிலும் பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் உள்ள இடைவெளியின் ஆழம் அளந்தார். 3 மில்லிமீற்றர் வரை பரவாயில்லை. எனக்குக் கடைவாயில் 6.

லேசரை வைத்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று நினைத்துப் போனவள் நான். “பல்லில் இறுகிப் படிந்த கல்லை இந்த லேசர் எடுக்காது அன்ரி, அதைச் சுரண்டித்தான் எடுக்க வேணும்” என்று சொல்லிவிட்டார். முதல் நாள் முழுக்கச் சுரண்டல்தான். விறைக்க ஊசி போட்டதால் நோகவில்லை, சத்தம்தான் தலைக்குள் நின்றது.

ஒரு கிழமை கழித்து லேசர். எல்லாருக்கும் கறுத்த கண்ணாடி. லேசர் பெட்டியில் 980 என்று எழுதியிருந்தது, ஒளியின் அலைநீளமாம், நனோமீற்றரில். அது கண்ணுக்கே தெரியாத ஒளியாம், நாம் காணும் சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும். லேசரின் முனை என் ஊசியின் காதுக்குள் போகிற அளவு மெல்லிய இழை. பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் விட்டு மெல்ல இழுத்தார். கம்பளி நூலைச் சுட்டால் வருகிற அதே மணம்! இரத்தம் பெரிதாக வரவில்லை. சூட்டில் சின்ன நாளங்கள் மூடிக்கொள்கின்றன, உள்ளே இருக்கும் கிருமியும் குறைகிறது. இரவு கஞ்சி குடித்தேன், பனடோல் ஒன்றோடு முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து அளந்தபோது 6 இருந்த இடத்தில் 4. துலக்கும்போது இரத்தம் இல்லை. ஆனால் இது லேசரின் வேலையா, சுரண்டலின் வேலையா? டொக்டரிடமே கேட்டேன். பெரும்பங்கு சுரண்டலுக்கும் வீட்டில் துலக்குவதற்கும்தான், லேசர் கொஞ்சம் கைகொடுக்கும் என்றார். அந்த நேர்மைக்காகவே இன்னொருவருக்குச் சொல்வேன்.

ஒரு குறை. லேசருக்குத் தனிக் காசு என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காசுக்கு நான் எத்தனை சீருடை தைக்க வேண்டும்! போகிறவர்கள் கதிரையில் ஏறும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் காசு குறைவென்றால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் சுத்தம் செய்வது இலவசம். லேசர் இல்லையென்று பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

பக்கத்து வீட்டு மச்சாள், “என்னகா, இனி நூல் கடிக்கலாமா?” என்று கேட்டாள். டொக்டர் கூடாது என்றுவிட்டார். கத்தரிக்கோலை இப்போது கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.