படுக்கையறைக்கு வெள்ளை பல்பா, மஞ்சள் பல்பா?

எல்ஈடி வாங்கும்போது வாட்ஸைப் பார்ப்போம், விலையைப் பார்ப்போம். பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணை யார் பார்க்கிறார்கள்? 6500 என்றால் லேசாக நீலம் ஓடும் வெள்ளை. 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள்.

வெள்ளை வேலைக்கு ஏற்றது. அரிசியில் கல் பொறுக்க, ஊசியில் நூல் கோக்க, பிள்ளைகள் படிக்க அதுதான் சரி. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அதே வெளிச்சம் தொல்லை. பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லவே விழித்திரையில் தனியாகச் சில செல்கள் உண்டு. அவை சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்குத்தான் அதிகம் உசுப்பப்படும். உடனே, தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பு குறையும், தூக்கம் தள்ளிப்போகும். மறுநாள் காலை எரிந்து விழுவோம். (நீலம் மனதுக்கு அமைதி என்பார்களே? அது சுவரின் நீலம். இது கண்ணுக்குள் விழும் நீலம், கதையே வேறு.)

மஞ்சளில் நீலம் குறைவு, உடம்பு மெல்லத் தளரும். ஒரே குறை, கருநீலப் புடவையும் கறுப்புப் புடவையும் ஒன்றுபோலத் தெரியும்.

என் ஓட்டு படுக்கையறையில் மஞ்சளுக்கு. அலமாரிப் பக்கம் மட்டும் ஒரு வெள்ளை.